எந்த பேஞ்சோ நல்லது?

‘எது நல்லது?’ என்று கேட்பது நம் தேசியப் பழக்கம். மிக்ஸி வாங்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சரி, முதல் கேள்வி அதுதான். விவரம் தெரிந்த கடைக்காரர் இதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். ‘எதுக்குங்க?’ என்று திருப்பிக் கேட்பார். சட்னிக்கா, மசாலாவுக்கா? வீட்டில் நாலு பேரா, பத்துப் பேரா? பதிலைப் பொறுத்துப் பொருள் மாறும். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் இந்த ‘எதுக்குங்க?’வை யாரும் கேட்பதில்லை. அது வேறு கதை.

நல்லது என்பது பொருளில் இருக்கிறதா, அல்லது அதைக் கையில் எடுக்கிற ஆளிடம் இருக்கிறதா? கேட்க லேசாக இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால் நீதி, நேர்மை, கடன் என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிற கேள்வி. இதை யோசிப்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம், அமெரிக்க வாத்தியமான பேஞ்சோ. காரணம், அதில் ‘நல்ல பேஞ்சோ’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரிலும் வட இந்தியாவிலும் பலர் பேஞ்சோ என்று சொல்வது உண்மையில் புல்புல்தாரா. டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அழுத்தி, மறு கையால் தந்தியை மீட்டுவார்களே, அது. அதன் பூர்வீகம் ஜப்பான். 1912-ல் நகோயாவில் கண்டுபிடித்த தாய்ஷோகோட்டோ என்ற வாத்தியத்தின் வாரிசு. மும்பை கணபதி ஊர்வலங்களில் ‘பேஞ்சோ பார்ட்டி’ என்று கேட்டிருந்தால் அது இந்த ஜாதிதான். அமெரிக்க பேஞ்சோவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை.

அசல் பேஞ்சோ என்பது கழுத்து முளைத்த கஞ்சிரா என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டமான ஒரு சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல் (இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்), அதிலிருந்து நீளும் கழுத்து, தந்திகள். மீட்டினால் ‘டிங்’ என்று பளிச்சென ஒலித்து உடனே செத்துவிடும். வீணை மாதிரி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டிக் குழைக்கிற சமாசாரம் இதில் கஷ்டம். அதனால் பேஞ்சோக்காரர்கள் ஒரு நீண்ட ஸ்வரத்தின் இடத்தில் பத்து குட்டி ஸ்வரங்களைக் கொட்டுவார்கள். குறையே அதன் குணமாகிவிட்டது.

இப்போது கடைக்குப் போவோம். ‘ஒரு பேஞ்சோ வேணும்.’ கடைக்காரர் கேட்பார்: ‘என்ன வாசிக்கப் போறீங்க?’

வட கரோலினா, கென்டக்கி மலைப்பக்கத்து நாட்டுப்பாடல்கள் என்றால் ஐந்து தந்தி, பின்பக்கம் திறந்த பேஞ்சோ. விரல் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டிவிட்டு, கட்டை விரலால் ஐந்தாவது தந்தியைச் சுண்டுவார்கள். கிளாஹேமர் என்று பெயர். மென்மையான சத்தம். ஃபிளாட்டில் குடியிருப்பவர்களுக்கு உத்தமம், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நிறுத்த மாட்டார்.

புளூகிராஸ் என்கிற வேகமான சங்கீதம் என்றால் அதே ஐந்து தந்திதான். ஆனால் பின்னால் ரெசனேட்டர் என்று ஒரு மரக்கிண்ணம் மூடியிருக்கும். பின்பக்கம் போகிற ஒலியை முன்பக்கம் திருப்பி அனுப்பும். உள்ளே கனமான உலோக வளையம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகக்கூடு மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். ஐந்து கிலோவுக்குப் பக்கம் எடை. முதுகுவலிக்காரர்கள் யோசிக்கவும்.

அயர்லாந்து நடனச் சங்கீதம் என்றால் நாலு தந்தி டெனார் பேஞ்சோ. வயலின் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே சேர்த்து, பிளெக்ட்ரம் என்கிற சின்ன வில்லையால் மீட்டுவது. டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா பிரபலமாக்கிய முறை. 1920-களின் ஜாஸ் என்றாலும் டெனார்தான், சுருதி மட்டும் வேறு. மைக், ஆம்ப்ளிஃபயர் வசதியில்லாத நாட்களில் டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் நடுவே காதில் விழக்கூடிய தந்தி வாத்தியம் அது ஒன்றுதான். ஏற்கெனவே கிடார் தெரியும், புதிதாக எதையும் கற்க சோம்பல் என்றால் ஆறு தந்தி பேஞ்சோ இருக்கிறது. கிடாரின் விரல், பேஞ்சோவின் குரல். கறாரான ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ குழுவிலேயே ஜானி செயின்ட் சிர் ஆறு தந்திதான் வாசித்தார்.

இதில் எது உசத்தி? அயர்லாந்துக்காரனிடம் ஐந்து தந்தியைக் கொடுத்தால் திணறுவான். புளூகிராஸ்காரனிடம் டெனாரைக் கொடுத்தால் கட்டை விரல் ஐந்தாவது தந்தியைத் தேடித் தவிக்கும். ஆகவே, ‘உன் பாட்டு எதுவென்று தெரிந்துகொள், அதற்கேற்ற வாத்தியத்தை எடுத்துக்கொள்.’ முடிந்தது விஷயம்.

இல்லை, முடியவில்லை. இங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

வாசிக்கவே தெரியாதவனுக்கு, தான் என்ன வாசிக்கப் போகிறோம் என்று எப்படித் தெரியும்? தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அறிந்திருக்க வேண்டும். அறிய வேண்டுமானால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். கிரேக்க ஞானி பிளேட்டோ ‘மெனோ’வில் கிட்டத்தட்ட இதே முடிச்சைத்தான் போடுகிறார். இன்னதென்றே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவாய்? கண்டுபிடித்தாலும் அதுதான் இது என்று எப்படித் தெரியும்?

ப்ளஸ் டூ முடித்த பையனிடம் ‘என்ன படிக்கப் போறே, சீக்கிரம் சொல்லு’ என்று சொந்தக்காரர்கள் ரவுண்டு கட்டும்போது அவன் முழிப்பது இதனால்தான். அவன் சோம்பேறி என்பதால் அல்ல. வாசித்துப் பார்க்காத வாத்தியத்தின் பெயரைச் சொல்லச் சொல்கிறோம்.

பீட் சீகர் என்ற அமெரிக்கப் பாடகரைப் பாருங்கள். பள்ளிக்கூட நாட்களில் அவர் வாசித்தது நாலு தந்தி டெனார் பேஞ்சோ. 1936-ல், பதினேழு வயதில், அப்பாவோடு வட கரோலினாவில் ஆஷ்வில் என்ற ஊரில் நடந்த நாட்டுப்புறத் திருவிழாவுக்குப் போனார். அங்கே ஐந்து தந்தி பேஞ்சோவைக் கேட்டார். அதோடு சரி, வாழ்நாள் முழுக்க அதுதான். முதலில் எடுத்த வாத்தியம் தப்பு என்று சொல்வீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு தந்தியில் விரல் பழகியிருந்ததால்தான் ஐந்தாவது தந்தியின் அருமை அந்தக் காதுக்கு உறைத்திருக்கும். முதல் தேர்வின் வேலை சரியாக இருப்பது அல்ல, அடுத்த தேர்வுக்குக் காதைத் திறந்துவிடுவது.

அதனால் ஆரம்பக்காரருக்கு ஒரு நடைமுறை யோசனை: மாற்றிக்கொள்ள வழியுள்ளதை எடுங்கள். பல ரெசனேட்டர் பேஞ்சோக்களில் பின்பக்கக் கிண்ணத்தைக் கழற்றி வைத்துவிடலாம். மாட்டினால் புளூகிராஸ், கழற்றினால் மலைநாட்டுப் பாட்டு. கழற்றி மாட்ட முடிகிற முடிவுகளைச் சட்டென்று எடுக்கலாம். கழற்ற முடியாத முடிவுகளுக்குத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். செல்போன் வாங்க மூன்று மாதம் ஆராய்ச்சி. கல்யாணத்துக்கு சொஜ்ஜி பஜ்ஜியோடு அரை மணி நேரம்.

*

வாங்கியாகிவிட்டது. ஆனாலும் வாத்தியம் நமக்குச் சரியாகப் பொருந்தவில்லை. யார் மாறுவது? வாத்தியமா, நாமா?

சீகர் வாத்தியத்தை மாற்றினார். தன் குரலுக்கு வழக்கமான பேஞ்சோவின் சுருதி ஒத்துவரவில்லை என்று கழுத்தை மூன்று கட்டம் நீட்டிவிட்டார். இருபத்திரண்டு கட்டம் இருபத்தைந்து ஆயிற்று. பார்ப்பதற்குக் கொக்கு மாதிரி இருக்கும் அந்த நீள் கழுத்து பேஞ்சோ, பின்னால் அவர் பெயரிலேயே ஒரு மாடலாகக் கடைக்கு வந்தது.

எர்ல் ஸ்க்ரக்ஸ் எதிர்த்திசையில் போனார். 1924-ல் வட கரோலினாவில் பிறந்தவர். பேஞ்சோவின் கழுத்தை நீட்டவில்லை. கையை மாற்றினார். மூன்று விரலால் வாசிப்பது அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். அதை இழைத்து இழைத்து, பட்டாணி கொட்டுகிற மாதிரி விடாத பிரவாகமாக ஆக்கினார். 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் குழுவில் அவர் சேர்ந்தபோது கேட்டவர்கள் திகைத்தார்கள். அதே தோல், அதே தந்தி, அதே கழுத்து. இந்தச் சத்தம் இதற்குள் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?

‘உலகத்தை உனக்கேற்ற மாதிரி மாற்று’ என்று ஒரு கட்சி. ‘உலகம் மாறாது, நீ மாறு’ என்று இன்னொரு கட்சி. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருநூறு பக்கம் ஓட்டும். பேஞ்சோ சொல்வது வேறு. தொண்டை கடவுள் கொடுத்தது, அதை நீட்ட முடியாது. அதனால் சீகர் கழுத்தை நீட்டினார். விரல் பழக்கத்தில் வருவது, அதை மாற்ற முடியும். அதனால் ஸ்க்ரக்ஸ் விரலை மாற்றினார். எது மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் புத்திசாலித்தனம். மாறாததை மாற்ற முயன்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். மாறக்கூடியதை மாற்றாமல் விட்டால் கடைசி வரைக்கும் வாத்தியத்தையே திட்டிக்கொண்டிருப்போம்.

*

இதுவரை எல்லாம் சௌகரியமான கேள்விகள். இனி கொஞ்சம் அசௌகரியமானது.

எனக்கு எது பொருந்தும் என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். எனக்கு அதை எடுக்க உரிமை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பேஞ்சோ என்றதும் அமெரிக்காவில் பலர் மனசில் வருகிற சித்திரம்: தொப்பி போட்ட வெள்ளைக்கார கிராமத்தான், வீட்டுத் திண்ணை, ஆடும் நாற்காலி. ஆனால் அந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளையர்கள் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றிய மனிதர்கள். கையில் எதையும் எடுத்துவர விடவில்லை. நினைவை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. சுரைக்குடுக்கையை வெட்டி, தோலைக் கட்டி, கோலைச் செருகி, தந்தி பூட்டி மறுபடி செய்துகொண்டார்கள். 1680-களின் கடைசியில் ஜமைக்காவில் இருந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட வாத்தியங்களைப் பார்த்து, 1707-ல் வெளியிட்ட புத்தகத்தில் படமே போட்டிருக்கிறார். செனகல், காம்பியா பக்கத்தில் ஜோலா மக்களின் அகோன்டிங் இன்றைக்கும் இருக்கிறது. சுரைக்குடுக்கை, தோல், மூன்று தந்தி. அதில் ஒன்று குட்டை. வாசிப்பது நகத்தால் கீழ்நோக்கித் தட்டி. கிளாஹேமரேதான்.

1740-ல் தென் கரோலினா அடிமைகள் முரசு வைத்திருக்கத் தடை போட்டது. முரசடித்துக் கலகத்துக்கு ஆள் சேர்ப்பார்கள் என்ற பயம். தோல் போர்த்திய பேஞ்சோ மட்டும் திண்ணையில் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. முரசின் குழந்தை தந்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்று எனக்குத் தோன்றும்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. 1840-களில் வெள்ளைக்காரக் கலைஞர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கோமாளிகளாகக் காட்டி மேடையேறினார்கள். மின்ஸ்ட்ரல் ஷோ. அரங்கம் நிறைந்தது. அவர்கள் கையில் பேஞ்சோ. தன் பாட்டன் செய்த வாத்தியத்தை வைத்தே தன்னைக் கேலி செய்வதைப் பார்த்தவனுக்கு அதைத் தொட மனசு வருமா? 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள் வந்தன. கறுப்பர் பாட்டு ஒரு பட்டியல், வெள்ளைக்கார மலைநாட்டுப் பாட்டு இன்னொரு பட்டியல் என்று பிரித்துக் கடை வைத்தன. பேஞ்சோ இரண்டாம் பட்டியலோடு ஒட்டிக்கொண்டது. கிடாரும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. எல்லாம் சேர்ந்து, கறுப்பர்களின் கையிலிருந்து பேஞ்சோ நழுவியது. இரண்டு தலைமுறையில், அது தங்களுடையது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. பொருளைத் திருடுவதைவிட மோசமானது, அது உன்னுடையது என்ற ஞாபகத்தைத் திருடுவது.

2005-ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பேஞ்சோ கலைஞர்களின் சந்திப்பு ஒன்று நடந்தது. அங்கே வந்த இளைஞர்களில் ரியானன் கிடன்ஸ் ஒருவர். ஓபரா பயின்ற பாடகி. அவரும் நண்பர்களும் ஜோ தாம்ஸன் என்ற எண்பது வயது தாண்டிய கறுப்பின ஃபிடில் கலைஞரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று குழு அமைத்தார்கள். 2011-ல் கிராமி வாங்கினார்கள். கிடன்ஸ் தனக்கென்று தேர்ந்தெடுத்த பேஞ்சோ எது தெரியுமா? பளபளக்கும் புது மாடல் அல்ல. 1858-ம் வருட மின்ஸ்ட்ரல் கால பேஞ்சோவின் பிரதி. கழுத்தில் கட்டங்கள் கிடையாது, தாழ்ந்த கனத்த குரல். தன் இனத்தைக் கேலி செய்ய உபயோகித்த அதே காலத்து வாத்தியத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கேலிக்கு முன்னால் அதற்குள் ஒரு குரல் இருந்தது, அதைக் கேளுங்கள் என்று.

அப்படியானால் மற்றவர்கள் பேஞ்சோவைக் கீழே வைத்துவிட வேண்டுமா? ஸ்க்ரக்ஸ் திருடரா? சீகர் திருடரா?

நான் அப்படி நினைக்கவில்லை. சங்கீதத்துக்குப் பட்டா கிடையாது. ஒரு வாத்தியத்தை இத்தனாம் தலைமுறை வாரிசுச் சான்றிதழ் காட்டினால்தான் தொடலாம் என்று சட்டம் போட்டால் உலகத்தில் பாதி இசை நின்றுவிடும். ஆனால் ‘பட்டா இல்லை’ என்பதற்கு ‘கடன் இல்லை’ என்று அர்த்தமில்லை. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். எடுத்துக்கொள்வது தப்பில்லை. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதும், கொடுத்தவனையே பார்த்துச் சிரிப்பதும்தான் தப்பு.

கடனை எப்படி அடைப்பது? பெலா ஃப்ளெக் ஒரு வழி காட்டுகிறார். நியூயார்க்கில் பிறந்து, ஸ்க்ரக்ஸின் வாசிப்பைக் கேட்டு மயங்கி பேஞ்சோவை எடுத்தவர். 2005-ல் பேஞ்சோவைத் தூக்கிக்கொண்டு உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று ஆப்பிரிக்கா போனார். அங்கிருக்கிற கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தார். அது ஆவணப்படமாகவும் வந்திருக்கிறது. நம் ஜாகிர் உசேனின் தபலா, ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழல், எட்கர் மேயரின் பேஸ் இவற்றோடு அவர் சேர்ந்து வாசித்த ஆல்பம் 2023-ல் வெளிவந்து, 2024-ல் கிராமி பெற்றது. கடைக்காரரின் பட்டியலில் தபலாவுக்குப் பொருத்தமான பேஞ்சோ என்று எதுவும் கிடையாது. ‘உன் பாணிக்கேற்ற வாத்தியம்’ என்ற விதி ஆரம்பக்காரர்களுக்கு ஊன்றுகோல். நடக்கத் தெரிந்தவர்கள் அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள்.

*

கடைசியாக, அந்த ஐந்தாவது தந்தியைப் பற்றி.

மற்ற நாலு தந்திகளும் கழுத்தின் உச்சியிலிருந்து புறப்படும். இது மட்டும் பாதி வழியில், ஐந்தாவது கட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக முளைத்திருக்கும் குமிழிலிருந்து கிளம்பும். குட்டை. வாசிப்பவரின் கட்டை விரலுக்குப் பக்கத்தில், தடித்த தந்தி இருக்க வேண்டிய இடத்தில், உச்சஸ்தாயியில் உட்கார்ந்திருக்கும். பொதுவாக இதை அழுத்தி ஸ்வரம் மாற்றுவதில்லை. மற்ற தந்திகள் எங்கே ஓடினாலும், எப்படிக் குதித்தாலும், இது அதே ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் தம்புரா செய்கிற வேலை.

ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்கார மின்ஸ்ட்ரல் கலைஞர் இந்தத் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று வெகு காலம் கதை சொன்னார்கள். அவர் பிறந்தது 1810-ல். ஆனால் 1785-க்கும் 1790-க்கும் இடையில் தென் கரோலினா பண்ணை ஒன்றில் வரைந்த நீர்வண்ண ஓவியத்தில் ஒரு கறுப்பின மனிதர் சுரைக்குடுக்கை பேஞ்சோ வாசித்துக்கொண்டிருக்கிறார். அதில் அந்தக் குட்டைத் தந்தி இருக்கிறது. பேர் மாறினாலும் தந்தி சாட்சி சொல்கிறது.

1955-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று சீகரைக் கூப்பிட்டு விசாரித்தது. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். எங்கே பாடினாய், யாருக்காகப் பாடினாய் என்று குடைந்தார்கள். பாட்டைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன், பாடியும் காட்டுகிறேன், யாருக்குப் பாடினேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். 1961-ல் அவமதிப்புக் குற்றம் என்று ஒரு வருடச் சிறை விதித்தார்கள். அடுத்த வருடம் மேல்கோர்ட்டில் அது தள்ளுபடியானது. இடையில் டி.வி. வாய்ப்புகள் போயின, பெரிய மேடைகள் போயின. மனிதர் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பாடினார். எத்தனையோ பாட்டு, எத்தனையோ ஊர், எல்லாம் மாறின. ஒரு தந்தியை மட்டும் அவர் யாரையும் அழுத்த விடவில்லை.

வேலையோ, ஊரோ, துணையோ, எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் எத்தனை தந்தி, என்ன விலை, எவ்வளவு எடை என்று தாராளமாகப் பாருங்கள். தப்பாகப் போனால் மாற்றிக்கொள்ளுங்கள், கழுத்தை நீட்டுங்கள், விரலைப் பழக்குங்கள். யாரிடமிருந்து வந்தது என்பதை மறக்காதீர்கள். ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், இதில் நான் அழுத்த விடாத தந்தி எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குக் கடைக்காரரிடம் பதில் இருக்காது. மற்ற நாலு தந்திக்கும் அவர் ஸ்பேர் தருவார்.